கிருமியின் நோய்வீரியத்தைச் சேலத்தில் அளக்க: பட்டுப்புழுவா, மெழுகுப்புழுவா, நூற்புழுவா?

முதுகலை நுண்ணுயிரியல் மாணவர் ஒருவரிடம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் இரண்டு வகைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் புண்ணிலிருந்து எடுத்தவை, வளர்ப்புத் தட்டில் ஒரே மாதிரிப் பொன்மஞ்சள் காலனிகள். ஆனால் ஒன்று தோலோடு நின்ற கட்டியிலிருந்து வந்தது. மற்றது ரத்தத்தில் ஏறி ஆளையே படுக்கவைத்தது. மரபணு வரிசையைப் படித்துப் பார்த்தால் ஒரு மரபணு இரண்டாவதில் மட்டும் இருக்கிறது. நோயை முற்றவைத்தது அதுதானா?

தட்டும் கணினியும் சந்தேகம் வரைதான் கொண்டுபோகும். அதற்கு மேல் போக, அந்தக் கிருமியால் நோய்ப்படக்கூடிய ஓர் உயிர் வேண்டும். சேலம் வட்டாரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தால் எட்டக்கூடியவை நான்கு: பட்டுப்புழு, மெழுகுப்புழு, நூற்புழு, சுண்டெலி. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஸ்டஃபைலோகாக்கஸ் போல அதிக எண்ணிக்கையில் செலுத்த வேண்டிய கிருமிக்குச் சேலத்தில் பட்டுப்புழுவை மிஞ்ச ஒன்றும் இல்லை. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவுக்கும், ஆண்டு முழுக்க நடக்க வேண்டிய வேலைக்கும் மெழுகுப்புழு. ஆயிரக்கணக்கான மாற்றுவகைகளை (மரபணு மாறிய கிருமிகளை) சலிக்க வேண்டுமென்றால் நூற்புழு. சுண்டெலி கடைசியில்தான், அதுவும் கேள்வி நன்றாகக் கூர்மையான பிறகு.

உயிர் எதற்கு வேண்டும்

ஒரு மரபணுவை நோய்வீரியக் காரணி, அதாவது கிருமிக்கு நோய் தரும் திறனைக் கொடுப்பது, என்று அழைக்க எது போதும் என்பதை 1988ல் ஸ்டான்லி ஃபால்கோ வரையறுத்தார். ஒரு நோய்க்கு ஒரு கிருமிதான் காரணம் என்று நிறுவ ராபர்ட் கோக் தந்த விதிகளை மரபணுவுக்குப் பொருத்திய வரையறை அது. அந்தப் பண்பு நோய் தரும் வகைகளில் காணப்பட வேண்டும்; மரபணுவை முடக்கினால் வீரியம் அளந்து காட்டும்படி குறைய வேண்டும்; திருப்பி வைத்தால் வீரியமும் திரும்ப வேண்டும். முதல் விதிக்கு வரிசை ஒப்பீடு போதும். மற்ற இரண்டும் உயிரில்லாமல் நிறைவேறாது.

மேசைச் சோதனைகளை ஒதுக்கச் சொல்லவில்லை. ஆட்டு ரத்த அகாரில் சிவப்பணு உடைகிறதா, 96 குழித் தட்டில் 0.1 சதவீத கிறிஸ்டல் வயலட்டால் உயிர்ப்படலம் (கிருமிகள் ஒட்டிக் கட்டும் படலம்) எவ்வளவு நிறமேறுகிறது, பால் அகாரில் புரதம் கரைந்து வளையம் விழுகிறதா என்பதையெல்லாம் ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் தடித்த படலம் கட்டும் வகை உயிருக்குள் கொடியதாக இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. பட்டமேற்படிப்பு ஆய்வேடுகள் பல இந்த இடத்தில் நின்றுவிடுவது வருத்தம் தருகிறது. ‘வீரியம் மிக்கது’ என்று தலைப்பில் எழுதிவிட்டு, உள்ளே படலத்தின் நிற அடர்த்தியை மட்டும் தருகிறார்கள்.

எந்த உயிரைத் தேர்கிறோமோ அதுவே கேள்வியின் வரம்பையும் தீர்மானிக்கிறது. காலராக் கிருமியைக் கண்ட கோக்கால் எந்த விலங்குக்கும் காலராவை வரவழைக்க முடியவில்லை. 1959ல் கொல்கத்தாவில் எஸ். என். டே முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனையிலும் கட்டி, கிருமி நீக்கிய வளர்ப்பு நீரை மட்டும் உள்ளே விட்டார். குடல் நீர் கோத்து வீங்கியது. காலராவைத் தருவது கிருமி வெளியேற்றும் நச்சு என்று அன்று தெரிந்தது. முயலின் முழு உடல் சொல்லாததைக் கட்டிய குடல் சொன்னது.

பட்டுப்புழு இந்தத் துறைக்குப் புதிதாக வந்ததும் இல்லை. நுண்ணுயிர் ஒன்று விலங்குக்கு நோய் தருகிறது என்பதை முதலில் நிறுவியவர் அகஸ்டினோ பாஸி. 1835ல் அவர் காட்டியது, பட்டுப்புழுவைச் சுண்ணாம்புக்கட்டி போல இறுகவைக்கும் மஸ்கார்டின் பூஞ்சையை. பாஸ்டர் 1865 முதல் சில ஆண்டுகள் பெப்ரைன் என்ற பட்டுப்புழு நோயோடு போராடினார். நம் விதை உற்பத்தி நிலையங்களில் இன்றும் தாய் அந்துப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்ப்பது அவர் வகுத்த வழி.

பட்டுப்புழு

மனிதக் கிருமிகளுக்குப் பட்டுப்புழுவைச் சோதனை உயிராக்கியது டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கசுஹிசா செகிமிசு குழு, 2002ல். அதுவரை செயல் தெரியாதிருந்த ஸ்டஃபைலோகாக்கஸ் மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கிப் புழுவில் சோதித்து, 2005ல் சிவிஎஃப்ஏ உள்ளிட்ட புதிய வீரிய மரபணுக்களைக் கண்டெடுத்தார்கள். லைசோசின்-இ என்ற ஆன்டிபயாட்டிக்கும் இந்தப் புழுவின் வழியாகத்தான் 2015ல் வெளிவந்தது.

இதன் பெரிய பலம் உருவம். கூடு கட்டும் முன் வரும் கடைசிப் பருவமான ஐந்தாம் பருவம் தொடங்கி இரண்டாம் நாளில் புழு சுமார் 2 கிராம் இருக்கும். சாதாரண 1 மில்லி டியூபர்குலின் சிரிஞ்சும் 27 கேஜ் ஊசியும் போதும். 50 மைக்ரோலிட்டரைக் கண்ணால் பார்த்தே செலுத்தலாம். மெழுகுப்புழுவுக்கு 10 மைக்ரோலிட்டர்தான் அளவு. அதில் 2 மைக்ரோலிட்டர் ஊசித் துளையில் ஒழுகினால் செலுத்தும் கிருமியில் ஐந்தில் ஒரு பங்கே போய்விடும். 50ல் அதே 2 ஒழுகினால் பெரிய சேதமில்லை. கை பழகாத மாணவருக்கு இது மிகப் பெரிய வித்தியாசம்.

இன்னொரு பலம் இடம். மத்தியப் பட்டு வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் மாநிலப் பட்டு வளர்ச்சித் துறையின் இயக்குநரகமும் சேலத்திலேயே இருக்கின்றன. மல்பெரித் தோட்டமும் வளர்ப்பு மனையும் சுற்றுவட்டாரத்தில் உண்டு. ஒரு முட்டைத் தொகுதி என்பது 400 முதல் 500 முட்டை. 100 தொகுதி வளர்க்கும் விவசாயியிடம் 40,000க்கு மேல் புழு இருக்கும். ஒரு முழுச் சோதனைக்கு வேண்டியதைக் கணக்கிடுவோம்: ஐந்து அளவுகள், அளவுக்கு 10 புழு, ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு 20, மொத்தம் 70. மூன்று முறை திருப்பிச் செய்தால் 210. அவரிடமிருந்து இவ்வளவு கேட்பது ஒரு தட்டில் ஒரு கைப்பிடி எடுப்பது போலத்தான்.

செய்முறை இது. நான்காம் தோலுரிப்பு முடிந்து, நூற்றில் தொண்ணூற்றைந்து புழுவாவது எழுந்த பிறகே முதல் தீனி கொடுக்கும் மனையிலிருந்து எடுங்கள். அப்போதுதான் எல்லாம் ஒரே வயதாக இருக்கும். ஒரு நாள் ஆய்வகத்தில் சுத்தமான இலை போட்டுப் பழக்குங்கள். மறுநாள் 1.8 முதல் 2.2 கிராம் வரை உள்ளவற்றை மட்டும் பிரியுங்கள். முதுகை 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, இரு வளையங்களுக்கு நடுவே ஊசியைத் தோலுக்கு இணையாகச் சாய்த்து, முன்னோக்கி மெல்ல ஏற்ற வேண்டும். ஊசியை எடுத்ததும் வெளிறிய மஞ்சள் துளி வந்தால் சரி. பச்சையாக ஏதாவது வந்தால் குடல் துளைந்துவிட்டது, அந்தப் புழுவை ஒதுக்கிவிடுங்கள். பால் போல வெண்மையாக வந்தால் அது கிராஸரி என்ற வைரஸ் நோய். அந்தத் தட்டு முழுவதையுமே ஒதுக்குங்கள்.

ஊசி போட்ட பிறகு தீனி கிடையாது. 37 டிகிரியில் வைத்து 12 மணிக்கு ஒரு முறை எண்ண வேண்டும். இடுக்கியால் தொட்டும் அசையாதது இறந்தது. ஸ்டஃபைலோகாக்கஸுக்கு 10 லட்சத்தில் தொடங்கி 30 லட்சம், 1 கோடி, 3 கோடி, 10 கோடி செல் என்று ஏற்றிப் பாருங்கள். பாதிப் புழுக்களைக் கொல்லும் அளவு பெரும்பாலும் இந்த எல்லைக்குள் அகப்படும். மூன்று நாளுக்குள் முடிவு வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பட்டினியும் கூடு கட்டும் பருவமும் சேர்ந்து கணக்கைக் கலைத்துவிடும்.

பிசகுவது எங்கே? பெரும்பாலும் புழு வந்த இடத்தில். மனைக்குள் விஜேதா போன்ற படுக்கைக் கிருமிநாசினி தூவியிருப்பார்கள். அதனால்தான் ஒரு நாள் பழக்கமும் ஆல்கஹால் துடைப்பும் சொன்னோம். இலைக்கு ஆன்டிபயாட்டிக் ஏதாவது தெளித்திருக்கிறார்களா என்று நேராகக் கேட்டுவிட வேண்டும். தெளித்திருந்தால் அந்தத் தொகுதி உதவாது. பக்கத்துத் தோட்டத்துக் காய்கறிக்கு அடித்த பூச்சிமருந்து காற்றில் மல்பெரிக்கு வந்திருந்தால், எந்தக் கிருமியும் செலுத்தாத புழுவே வாந்தியெடுத்துச் சுருண்டு சாகும். பட்டுப்புழுவில் ஒட்டுண்ணியாக வாழும் ஊஜி ஈயின் புழு துளைத்த இடத்தில் கறுப்புத் தழும்பு விழும். கிருமி எதிர்ப்பில் உடல் கறுப்பதும் கிட்டத்தட்ட அப்படியே தெரியும். எனவே ஊசி போடும் முன்பே கறுப்புப் புள்ளி உள்ளவற்றைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். பெப்ரைனுக்கு, ஒவ்வொரு தொகுதியிலும் 10 புழுவின் குடலை 0.6 சதவீத பொட்டாசியம் கார்பனேட்டில் நசுக்கி, 600 மடங்கில் பாருங்கள். மின்னும் முட்டை வடிவ வித்துகள் ஒன்றிரண்டு தெரிந்தாலும் தொகுதியைத் திருப்பிவிடுவதுதான் நல்லது.

எல்லாவற்றுக்கும் மேல் வெப்பம். வளர்ந்த புழுவுக்கு ஏற்றது 24, 25 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும். சேலத்து ஏப்ரல், மே மாதங்களில் பகல் 38ஐத் தாண்டும். ஏற்கெனவே வாடி வரும் புழுவை 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்தால் உப்புநீர் மட்டும் செலுத்தியவையே விழத் தொடங்கும். அடங்கிக் கிடந்த கிராஸரியும் சூட்டில் தலைதூக்கும்.

மெழுகுப்புழு

தேனீப் பெட்டியில் பழைய அடையைத் தின்று வலை பின்னும் பெரிய மெழுகு அந்துப்பூச்சியின் புழு, கலேரியா மெல்லோனெல்லா. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது தீராத் தொல்லை. கைவிட்டுப்போன அடை ஒன்றைக் கேட்டு வாங்கினால் தொடக்கக் கூட்டம் கிடைத்துவிடும். ஆனால் சிறிய மெழுகு அந்துப்பூச்சியும் அதே அடையில் இருக்கும். அதன் புழு மெல்லியது, வளர்ந்தாலும் எடை ஏறாது. ஒரு தலைமுறை வளர்த்துப் பார்த்து, 250 முதல் 350 மில்லிகிராம் எட்டுவதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே சேலத்து வெயில் நமக்குத் துணை. கலேரியாவுக்கு 28 முதல் 32 டிகிரியும் இருட்டும் போதும். ஆண்டின் பெரும்பகுதி அலமாரிக்குள் வைத்தாலே வளரும். நூறு கிராம் தீனிக்கு மக்காச்சோள மாவு 22, கோதுமைத் தவிடு 22, தேன்மெழுகு 17.5, தேன் 11, கிளிசரின் 11, ஈஸ்ட் 5.5, தண்ணீர் 11 கிராம் என்ற கலவை நன்றாக வேலை செய்யும். மெழுகைத் தனியாக உருக்கி, தேனோடும் கிளிசரினோடும் சேர்த்து, கடைசியில் மாவில் பிசைய வேண்டும். தேனிலோ தீனியிலோ ஆன்டிபயாட்டிக் இருக்கக் கூடாது. முட்டையிலிருந்து சோதனைக்கேற்ற புழு வர ஐந்தாறு வாரம் ஆகும். பாட்டில் கண்ணாடியாக இருக்கட்டும், மூடியில் உலோக வலை இருக்கட்டும். பிளாஸ்டிக்கைக் கடித்துத் துளைபோட்டுக்கொண்டு வெளியே வந்துவிடும். வெளியே வந்தது பக்கத்துத் தேனீப் பெட்டியைத் தேடிப் போகும். பெட்டி வைத்திருப்பவர்களுக்கு அப்படியொரு கெடுதலைச் செய்துவிடக் கூடாது.

ஊசி போடுவதில் திறமை வேண்டும். பத்து நிமிடம் பனிக்கட்டியின் மேல் வைத்து அசைவை அடக்கி, கடைசி ஜோடிப் போலிக்கால்களில் ஒன்றின் வழியாக, ஹாமில்டன் சிரிஞ்சால் 10 மைக்ரோலிட்டர் செலுத்த வேண்டும். புழுவை விரலால் பிடிக்கவே கூடாது. 1 மில்லி பிப்பெட் முனை ஒன்றை அட்டையில் ஒட்டி, அதன் மேல் புழுவைக் கவிழ்த்துப் போட்டால் வயிற்றுப்புறம் மேலே வரும். விரலுக்கும் ஊசிக்கும் தூரம் இருக்கும். சூடோமோனாஸ் நிறைந்த ஊசி விரலில் ஏறினால் விளையாட்டல்ல. நீர்த்த கரைசலில் தொடங்கி அடர்ந்ததற்குப் போங்கள். இடையிடையே சிரிஞ்சை 70 சதவீத ஆல்கஹாலிலும் பிறகு உப்புநீரிலும் மும்மூன்று முறை கழுவுங்கள்.

இதன் தனிச்சிறப்பு நிறம். பால் வெள்ளைப் புழு கிருமி ஏற ஏற முதலில் புள்ளியாக, பிறகு கோடாக, கடைசியில் முழுதும் கறுத்துப்போகும். அதனால் சாவை மட்டும் எண்ணாமல் நோயின் படிநிலையையும் மதிப்பெண்ணாகக் குறித்து வைக்கலாம். வீரியத்தில் சிறு வித்தியாசமே உள்ள இரண்டு மாற்றுவகைகளைப் பிரித்துக் காட்ட இது நன்றாக உதவும். கூட்டுப்புழுவாக மாறத் தொடங்கியதைச் சாவிலும் சேர்க்கக் கூடாது, பிழைத்ததிலும் சேர்க்கக் கூடாது. அந்த நேரத்தோடு கணக்கிலிருந்து விலக்க வேண்டும்.

சூடோமோனாஸ் ஏருஜினோசாவுக்கு இதைப் பரிந்துரைக்கக் காரணம் 2000ல் வந்த ஒரு வேலை. பிஏ14 என்ற வகையின் மாற்றுவகைகளைக் கலேரியாவிலும் சுண்டெலியிலும் ஒப்பிட்டார்கள். ஒன்றில் வலுவிழந்தவை மற்றதிலும் வலுவிழந்திருப்பது தெரிந்தது. ஆனால் இந்தக் கிருமியின் சில செல்களே ஒரு புழுவைக் கொல்லப் போதும். அதனால் கோடிக் கணக்கில் செலுத்திப் பார்த்தால், முடக்கிய மரபணுவும் முடக்காததும் ஒரே இரவில் எல்லாவற்றையும் கொன்றிருக்கும், வித்தியாசமே தெரியாது. 10 மைக்ரோலிட்டரில் 5, 20, 100 செல் இருக்கும் அளவுக்கு நீர்க்க வேண்டும். அதை நிற அடர்த்தியைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. தட்டில் பரப்பி எண்ணித்தான் உறுதிசெய்ய வேண்டும்.

நூற்புழு

சி. எலிகன்ஸ் ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி போன்ற உடல். 20 டிகிரியில் மூன்று நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும். ஊசியே வேண்டாம், உணவாக இருக்கும் ஈ. கோலை ஓபி50க்குப் பதிலாகச் சோதனைக் கிருமியைப் பரப்பி, அதன் மேல் புழுவை விட்டால் தின்று நோய்ப்படும். 1999ல் ஃபிரெட் ஆசுபெல் குழு இப்படித்தான் சூடோமோனாஸ் மாற்றுவகைகளைச் சலித்தது.

சலிப்புதான் இதன் பெரும் பயன். நெப்ராஸ்காவின் ஸ்டஃபைலோகாக்கஸ் டிரான்ஸ்போசான் தொகுப்பில் (தாவும் டிஎன்ஏ துண்டைச் செருகி ஒவ்வொரு மரபணுவாக முடக்கிய தொகுப்பு) 1,952 மாற்றுவகைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 10 பட்டுப்புழு என்றாலே ஏறக்குறைய 20,000 புழு, 20,000 ஊசி. நூற்புழுவில் அது தட்டுகளின் எண்ணிக்கை மட்டும்தான்.

குறைகளும் தீவிரமானவை. 37 டிகிரியில் வாழாது, சோதனை 25ல் நடக்கும். மனித உடல் வெப்பத்தில் மட்டும் விழித்துக்கொள்ளும் கிருமி மரபணுக்கள் அங்கே தூங்கும். கிருமியை விழுங்கி அழிக்கும் செல்கள் இதற்கு இல்லை. பூச்சிகளின் ரத்தத்தில் அவை உண்டு. ஊடகத்தை மாற்றினால் நோயே மாறிவிடும்: சாதாரணத் தட்டில் பிஏ14 குடலில் பெருகி நாட்கணக்கில் கொல்லும், உப்பழுத்தம் கூடிய தட்டில் ஃபினசின் நச்சால் மணிக்கணக்கில் கொல்லும். இரண்டையும் ஒரே எண்ணாகக் கலந்துவிடக் கூடாது. புழு கிருமியை வெறுத்துத் தட்டின் ஓரத்துக்கு ஓடிவிடுவதும் உண்டு. ஓடியதால் பிழைத்ததை வீரியக் குறைவு என்று எழுதிவிடுவது எளிதில் நேரும் தவறு. தட்டு முழுக்கக் கிருமியைப் பரப்பினால் இது தீரும். சேலத்தில் வேறொரு சிக்கல்: வெயில் காலத்தில் மின்சாரம் போய் 20 டிகிரியில் குளிர்விக்கும் பி.ஓ.டி. இன்குபேட்டர் சில மணி நேரம் சூடானால் புழுக்கள் மலடாகிவிடும். மின்மாற்று ஏற்பாடு இல்லாத ஆய்வகம் இதைத் தொடங்காமலிருப்பது நல்லது.

சுண்டெலி

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி, பதிவுபெற்ற விலங்கு மனை, துன்பம் எல்லை மீறும் முன் கருணையோடு முடிக்கும் விதி எல்லாம் இதற்கு வேண்டும். வேண்டியதும்தான். பூச்சிக்கும் நூற்புழுவுக்கும் இந்த விலங்கு அனுமதி நடைமுறையில் கேட்கப்படுவதில்லை. ஆனால் கிருமியின் மரபணுவைத் திருத்துகிறீர்கள் என்றால், எந்த உயிரில் சோதித்தாலும் 1989 விதிகளின்படி நிறுவன உயிரிப்பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் தேவை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சுண்டெலி பாலூட்டி என்பதால் அதன் பதிலே மனிதருக்கான பதில் என்று நினைப்பதும் தவறு. லிஸ்டீரியா பாக்டீரியாவின் இன்டர்னலின்-ஏ என்ற புரதம் மனிதக் குடல் செல்லின் மேலுள்ள ஈ-கேடரின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு நுழைகிறது. சுண்டெலியின் ஈ-கேடரினை அதனால் பிடிக்க முடியாது. ஸ்டஃபைலோகாக்கஸின் பிவிஎல் நச்சு மனித, முயல் வெள்ளணுக்களைத் துளைக்கும், சுண்டெலியுடையதை அவ்வளவாகத் தொடாது. டைஃபாய்டைத் தரும் சால்மோனெல்லா டைஃபி சாதாரணச் சுண்டெலியில் நோயே தராது. உங்கள் மரபணு இந்த வகையைச் சேர்ந்தது என்றால், மனிதச் செல் வளர்ப்புதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். பூச்சிகளுக்குத் தகவமைந்த நோயெதிர்ப்பு, அதாவது ஒவ்வொரு கிருமியையும் தனியாக அறிந்து எதிர்க்கும் டி-செல் போன்றவை, இல்லை. டி-செல் இல்லாத இடத்தில் டிஎஸ்எஸ்டி-1 போன்ற மீமிகு எதிர்ச்செனி (டி-செல்களை அளவுமீறித் தூண்டும் நச்சு) என்ன செய்கிறது என்று கேட்பதில் பொருளே இல்லை.

எந்த உயிரானாலும் வரும் தவறுகள்

பெரும்பாலான தப்பான முடிவுகள் புழுவிடமிருந்து வருவதில்லை. செலுத்தும் கிருமிக் கரைசலிலிருந்து வருகின்றன. ஸ்டஃபைலோகாக்கஸில் ஏஜிஆர் என்ற கட்டுப்பாட்டு அமைப்பு செல்கள் நெருங்கியதும் நச்சு உற்பத்தியைத் திறக்கும். ஒரு வாரம் இரவு முழுக்க வளர்த்ததையும் அடுத்த வாரம் மூன்று மணி நேரம் வளர்த்ததையும் செலுத்தினால், ஒரே வகையே இரு வேறு வீரியம் காட்டும். இரவு வளர்ப்பைப் புதிய ஊடகத்தில் நூறில் ஒரு பங்காகச் சேர்த்து, 600 நானோமீட்டரில் அடர்த்தி 0.5 வரும்போது நிறுத்துங்கள் என்று ஒரே விதியாக வைத்துக்கொள்ளலாம். 4,000 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றி, தாங்கல் உப்புநீரில் இருமுறை கழுவுங்கள். கழுவாமல் செலுத்தினால் அளப்பது தொற்றையா, ஏற்கெனவே ஊடகத்தில் கலந்த நச்சையா என்று தெரியாது.

அடர்த்தி ஒன்றாக இருந்தாலும் உயிருள்ள செல் ஒன்றாக இருக்காது. ஒட்டும் தன்மை மாறிய மாற்றுவகை கொத்துக்கொத்தாக இருக்கும். கருவி ஒன்று காட்டும், தட்டு வேறொன்று காட்டும். ஊசி போடத் தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் அதே கரைசலைத் தட்டில் பரப்பி எண்ணுங்கள். இரண்டுக்கும் இடையே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைய சோதனை செல்லாது.

கட்டுப்பாடுகள் மூன்று வேண்டும்: ஊசியே போடாதவை, உப்புநீர் செலுத்தியவை, வெப்பத்தில் கொன்ற கிருமி செலுத்தியவை. மூன்றாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். கிருமிச் சுவரின் பெப்டிடோகிளைக்கான் மட்டுமே பட்டுப்புழுவின் தசையைச் சுருக்கிவிடும். எனவே கோடிக் கணக்கில் செலுத்தும்போது செத்த செல்லும் கொல்கிறதா என்று தெரிந்தே ஆக வேண்டும். உப்புநீர்ப் புழுக்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் இறந்தால் அந்த நாளைக் கணக்கிலிருந்தே நீக்குங்கள்.

மரபணுவை முடக்கியபின் வீரியம் குறைந்தால் உடனே மகிழ வேண்டாம். அந்த மாற்றுவகை சாதாரண ஊடகத்திலேயே மெதுவாக வளர்கிறதா என்று வளர்ச்சிக் கோட்டை முதலில் வரையுங்கள். எல்லா இடத்திலும் நொண்டுகிற கிருமி புழுவிலும் நொண்டுவதால் அதை வீரியக் காரணி என்று சொல்ல முடியாது. ஃபால்கோவின் மூன்றாம் விதிக்கு மரபணுவைப் பிளாஸ்மிடில் (ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணுவும் சேர்ந்த தனி டிஎன்ஏ வளையத்தில்) திருப்பித் தருவார்கள். புழுவுக்குள் ஆன்டிபயாட்டிக் இல்லாததால் கிருமி அந்தப் பிளாஸ்மிடை உதறிவிடலாம். வீரியம் திரும்பாதது மரபணுவின் குற்றமாகத் தோன்றும். இறந்த புழுவை அரைத்து, ஆன்டிபயாட்டிக் உள்ள தட்டிலும் இல்லாத தட்டிலும் பரப்பினால் எத்தனை செல் பிளாஸ்மிடை வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

புள்ளிவிவரத்தில் சுருக்கமாக: மூன்று தனித்தனி நாட்கள், மூன்று தனித்தனி வளர்ப்புகள். ஒரே குடுவையிலிருந்து 30 புழுவுக்குப் போட்டால் அது ஒரு சோதனைதான், மூன்றல்ல. நாளாக நாளாக எத்தனை புழு பிழைத்தன என்ற கோட்டுக்குக் கப்லான்-மேயர் முறை, இரு கோடுகளை ஒப்பிட லாக்-ரேங்க் சோதனை.

எதைத் தேர்வது

ஜூலை முதல் பிப்ரவரி வரை வேலை செய்ய முடிகிறது, கிருமி ஸ்டஃபைலோகாக்கஸ், ஒப்பிட வேண்டியது ஐந்தாறு மாற்றுவகைகள் என்றால் பட்டுப்புழுவை எடுங்கள். விதைத் தொகுதி ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால், மூல வகையைச் செலுத்திய குழு ஒவ்வொரு நாள் சோதனையிலும் கட்டாயம் இருக்க வேண்டும். போன மாத எண்ணை இந்த மாதத்தோடு ஒப்பிடக் கூடாது.

ஆய்வேட்டுக் காலம் கோடையில் விழுகிறது, அல்லது ஒரே குருதிவழிப் புழுவை இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து வைத்திருக்க வேண்டும் என்றால் மெழுகுப்புழு. கூட்டத்தை டிசம்பரிலேயே தொடங்கிவிடுங்கள், மார்ச்சில் கை பழகியிருக்கும். பட்டுப்புழுவை விட மனமில்லாதவர்கள் கோடையில் 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் வளர்த்துச் சேலத்தில் சோதிக்கலாமே என்று கேட்பதுண்டு. குளிர்ந்த இடத்தில் வளர்ந்த புழுவைக் கொண்டை ஊசி வளைவுகள் வழியே கீழே இறக்கி, அன்றே 37 டிகிரியில் வைப்பது அதற்கு இரட்டை அதிர்ச்சி. காலையிலேயே இறக்கி, 25 டிகிரி அறையில் ஒரு நாள் வைத்துப் பிறகு ஊசி போட வசதியிருந்தால் மட்டும் அந்த வழியை யோசிக்கலாம்.

சோதித்த புழு எதுவும், உயிரோடிருந்தாலும் செத்திருந்தாலும், 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவில் வெந்தபின்தான் வெளியே போக வேண்டும். ஆய்வக உடையோடு வளர்ப்பு மனைக்குள் போகாதீர்கள். புழு தந்த விவசாயிக்கு அந்தத் தொகுதிதான் அடுத்த மாத வரும்படி.

முதல் முறை வாங்கும் புழுவில் கிருமியே வேண்டாம். 30 புழுவுக்கு உப்புநீர் மட்டும் போட்டு, 37 டிகிரியில் மூன்று நாள் வையுங்கள். மூன்றுக்கு மேல் விழுந்தால் மனையை மாற்றுங்கள், அல்லது மாதத்தை மாற்றுங்கள்.